ஷரீபாவுக்கு மேலே நாற்பத்தொரு பேர்

பாலக்கரை, திருச்சி
27-6-1967

பினாங்கில் இருக்கும் என் அன்பு மச்சான் அப்துல் மாலிக் அவர்களுக்கு சாரா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்கு இருமல் நின்றதா? வழக்கமாக நம் மகள் ஷரீபாதான் நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். இது அவள் பார்க்கக் கூடாத கடிதம், அதனால் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.யு.சி.யில் அவள் எடுத்த மார்க்குக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று உங்கள் சிநேகிதர் பரக்கத் அலி அண்ணனிடம் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். காலேஜ் ஆபீஸில் இருபது வருஷமாகக் கிளார்க்காக இருப்பவர் ஆயிற்றே. நம் தெருவில் யார் பிள்ளைக்கு எங்கே சீட் கிடைக்கும் என்பதை அவர்தான் சொல்லுவார், அது தப்பியதில்லை. அவர் நம் ஜில்லாப் பிள்ளைகளின் மார்க்கை எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுத்தார். ஷரீபாவுக்கு மேலே நாற்பத்தொரு பேர். "இன்டர்வியூ கார்டே வராதும்மா, புள்ளைக்கு ஆசை காட்டாதீங்க" என்றார். ஷரீபா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன புதன்கிழமை கார்டு வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பட்டியலை எடுத்து ஷரீபாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். "அம்மா, இதுல பாதிப்பேர் கணக்கு குரூப். இன்ஜினியரிங்தான் போக முடியும். இவங்களை ஏன் சேர்த்திருக்காரு?" என்றாள். அப்படி இருபத்து மூன்று பேர். இருபது வருஷக் கிளார்க்குக்கு இது தெரியாதா? யாருக்காக நம் பிள்ளையைத் தள்ளுகிறார் என்று யோசித்து யோசித்து என் மண்டை காய்ந்தது. அவருக்கு ஷரீபா வயசில் பிள்ளையும் இல்லை. வேறு யாரிடமோ வாக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் மனைவி பாத்திஹா ஓதி அனுப்பிய சீரணி இனிப்பைக்கூடத் தொடாமல் திருப்பி அனுப்பினேன்.

அவர் பட்டியலை ஒரு பழைய கவரில் வைத்துத்தான் கொடுத்திருந்தார்; அந்தக் கவரை ஷரீபாதான் திருப்பிப் பார்த்தாள். பினாங்கு தபால் தலை. உங்கள் கையெழுத்து. நமக்கு வராத வாரத்தில் அவருக்கு ஒரு கடிதம்.

நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மனுஷர் தலையே தூக்கவில்லை. "மாலிக்தான் எழுதினாரு தங்கச்சி. பொம்பளப் புள்ள அஞ்சாறு வருஷம் ஹாஸ்டல்ல கிடக்க வேணாம், கல்யாணத்தைப் பார்ப்போம், நான் வேணாம்னு சொன்னா அவ மனசு விட்டுடுவா, கிடைக்காதுன்னு நீங்களே சொல்லிடுங்கன்னு எழுதினாரு" என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மச்சான், எனக்குக் கோபம்தான். வேண்டாம் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம், சண்டை போட்டிருப்பேன், அது நம்மோடு போயிருக்கும். ஊரார் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். உங்களை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

வருகிற திங்கட்கிழமை சென்னையில் இன்டர்வியூ. என் தம்பி ஷேக் தாவூது எங்களை அழைத்துப் போகிறான். இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கிடைப்பதும் கிடைக்காததும் அல்லாஹ் விட்ட வழி.

நான் திரும்பி வந்ததும், அத்தா அவருக்கு என்ன எழுதினார்கள் என்று ஷரீபா கேட்டாள். "உன்னை இன்டர்வியூவுக்கு அனுப்பணும், செலவைப் பார்க்க வேணாம்னு எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். உங்கள் கைப்பட எழுதிய அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறாள்.

அதை எழுதி அனுப்புங்கள். பழைய தேதி போட மறந்துவிடாதீர்கள்.

உங்கள் நலத்துக்கு எந்நேரமும் துஆ செய்யும்,
சாரா பீவி