பச்சை அடித்த சரிவு

முத்தியால்பேட்டை,
9-11-1958

அன்பு மகளுக்கு,

உடனே கிளம்பி வரச்சொல்லித் தந்தி கொடுத்தேன். "காரணம் இன்னான்னு சொல்லுப்பா, சும்மா பயமுறுத்தாத" என்று எழுதியிருக்கிறாய்.

நீ அனுப்பிய போட்டோவில் குழந்தை அழகாகச் சிரிக்கிறான். வீட்டுக்குப் பின்னால் மரங்களெல்லாம் அடியில் வளைந்திருக்கின்றன. கதவும் சாத்த வரவில்லை என்கிறாய். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மலைச்சரிவு இன்னும் நகர்கிறது, அம்மா.

நிலச்சரிவு வரைபடத்தில் நகரும் சரிவுக்குச் சிவப்பு, அடங்கிய சரிவுக்குப் பச்சை. பச்சையை நம்பித்தான் அங்கே உங்கள் குவார்ட்டர்ஸைக் கட்டினார்கள். அதை வரைந்தவன் அட்டைப்பூச்சிக்குப் பயந்து மேலே ஏறவில்லை. ரோட்டில் நின்றபடியே, மரம் முளைத்த இடம்தானே என்று பச்சை அடித்துவிட்டான்.

பெட்டி கட்டாதே. குழந்தையோடு இறங்கிவிடு. விழுப்புரம் ஸ்டேஷனில் காத்திருப்பேன். படம் வரைந்தவனை அங்கேயே வைத்துத் திட்டலாம்.

இப்படிக்கு,
அந்தப் பச்சையை அடித்த
உன் அப்பா