வெள்ளையடிக்காத வளைவு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அது போதும். போனில் சொல்லத்தான் பார்த்தேன், உன் குரல் கேட்டதும் அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

போன மாதம் வாசல் கேட்டுக்கு மேலே நான் கட்டிய வளைவிலிருந்து ஒரு செங்கல் விழுந்தது. அம்மா பால் வாங்கிக்கொண்டு அப்போதுதான் அதைக் கடந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. அதைக் கட்டும்போது நீ கல்லூரியில் இருந்தாய். கேட்டின் அகலத்துக்குச் சுவரில் இரண்டு ஆணி அடித்து, பூட்டுச் சங்கிலியைத் தொங்கவிட்டு, அந்த வளைவை அட்டையில் வரைந்து தலைகீழாகத் திருப்பிக் காட்டினாய். தொங்கும்போது ஒரு கண்ணி அடுத்ததை இழுக்கிற மாதிரி, கவிழ்த்தால் ஒரு கல் அடுத்ததைத் தாங்கும், நான் கட்டுகிற மாதிரி அரைவட்டமாகக் கட்டினால் இரண்டு பக்கமும் வளைவின் தோளில் விரிசல் விடும் என்றாய். முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவன் என்ற தலைக்கனம் எனக்கு. கொத்தனார், சித்தாள் எல்லோர் முன்னாலும், சங்கிலிய நாய்க்குக் கட்டும்மா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். அதன்பிறகு என் வேலையைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷமே நீ சொன்ன இடத்தில் விரிசல் விட்டது. நீ வருகிற செய்தி கிடைத்ததும் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிடுவேன். மகள் வருகிறாள் என்று மனுஷன் வீட்டை அலங்கரிக்கிறார் என்று அம்மா பூரித்துப்போவாள். போன தடவை குட்டி அதன் கீழே விளையாடப் போனதும் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தாயே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, விரிசல் இருப்பது உனக்குத் தெரியும் என்று. என் மானத்துக்காக நீ வாயை மூடிக்கொண்டாய். நான் அதே மானத்துக்காகக் குழந்தையை அதன் கீழே விட்டேன். மன்னித்துவிடம்மா.

பழையதை இடித்தாயிற்று. அதே கொத்தனார், அதே சங்கிலி. இது என் மகள் சொன்ன வளைவு என்று எல்லோரிடமும் சொன்னேன். பாப்பா அப்பவே சொல்லுச்சே சார் என்கிறார் கொத்தனார், அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தவரே அவர்தான். நேற்று அடியில் முட்டுக் கொடுத்திருந்த மரத்தைத் தட்டி எடுத்தோம். முதலில் நான்தான் போய்க் கீழே நின்றேன். ஒரு கல் அசையவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. லீவுக்குக் கட்டாயம் வாருங்கள். இந்தத் தடவை பூசவில்லை, வெள்ளையடிக்கவில்லை, ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. நீ சுற்றி வந்து நன்றாகப் பார், உனக்குத் திருப்தியானால் குட்டியை இடுப்பிலிருந்து இறக்கி விடு.

இப்படிக்கு உன் வார்த்தையைத் தாமதமாகக் கேட்ட,
அப்பா