ஊர்ஜனம் மொத்தமும் நான்

மார்ச் 4
எங்கள் நாடகக் குழுவில் பாதிப் பேர் சீரியலுக்கு ஓடிவிட்டார்கள். அரண்மனை வாசலில் திரண்டு நின்று “ராஜா ஒழிக” என்று கத்த வேண்டிய ஊர்ஜனம் முழுக்க இனி நான் ஒருத்திதான். “உன்கிட்ட ஒரு மல்டிப்ளிசிட்டி தெரியணும்மா,” என்றார் இயக்குநர். ஒருத்தி நின்றாலும் நூறு பேராகத் தெரிய வேண்டுமாம். உடம்பைச் சொல்கிறாரோ என்று சுர்ரென்று ஏறியது. இல்லையாம், கலையாம்.

ஒழுங்காகச் செய்தால் அடுத்த நாடகத்தில் தனி வேடம். பேரோடு, வசனத்தோடு! தோழிக்குப் பின்னால் நிற்கும் தோழியாகவே காலம் தள்ளியவளுக்கு வேறென்ன வேண்டும்?

மார்ச் 9
கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு கவலையும் இருக்க வேண்டுமாம், இயக்குநர் உத்தரவு. தையல்காரி, மீன்காரி, பல்வலிக்காரர் என்று பிடித்துவைத்தேன். சமையலறையில் ஆளுக்கொரு குரலில் கத்திப் பார்த்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, எல்லாருக்கும் சேர்த்தா டீ போடுகிறாய் என்று கேட்டார். கொழுப்பு.

மார்ச் 11
பல்வலிக்காரருக்கும் மீன்காரிக்கும் ஒத்துப்போகவில்லை.

மார்ச் 20
அரங்கேற்றம். மானம் போச்சு.

தையல்காரி “ராஜா ஒழிக” என்றாள். மீன்காரியும் சொன்னாள். பல்வலிக்காரர் வாயைத் திறந்து, “எதுக்கு ஒழியணும்? வரியக் கொறச்சாருல்ல?” என்றார். சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை! மீன்காரி விடுவாளா? எனக்கும் எனக்கும் வாய்த்தகராறு முற்றி, என் தலைமுடியை நானே பிடித்து இழுத்தேன். ராஜா சிம்மாசனத்தை விட்டிறங்கி வந்து விலக்கிவிட்டார். அவர் சாக வேண்டிய காட்சி அது. சனம் சிரித்த சிரிப்பில் மனிதர் கடைசிவரை சாகவே இல்லை.

தனி வேடம் கோவிந்தா. ஏன்டி, மூணு பேரை ஒற்றுமையா வச்சுக்க உனக்குத் துப்பில்லையா? அழுகை அழுகையாக வருகிறது.

மார்ச் 23
அரங்கு நிறைந்துவிட்டது! சண்டை உண்டுதானே என்று கேட்டு டிக்கெட் வாங்குகிறார்கள். முகம் கொடுத்துப் பேசாத இயக்குநர் இன்று எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 6
கிடைத்துவிட்டது. ஆளில்லாத் தீவில் தனியாக மாட்டிக்கொண்ட பெண். மேடையில் வேறு ஈ காக்காய் கிடையாது.

ஏப்ரல் 15
முதல் ஒத்திகை. கடலைப் பார்த்து, “இங்க யாருமே இல்லையா?” என்று நான் கதற வேண்டும். கதறினேன். “ஏன் இல்லாம? இருக்கோம்ல,” என்று ஒரு குரல். யாரென்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

இயக்குநர் ஒத்திகையை நிறுத்தினார். அப்புறம் எழுத்தாளருக்குப் போன் போட்டு, தீவில் ஒரு சின்ன ஊர் இருப்பதாக மாற்றி எழுதச் சொன்னார்.