தேயிலைக் கேள்விக்குப் பூஜ்யம்

14 அக்டோபர் 1997, செவ்வாய். ஃப்ரீமான்ட், அமெரிக்கா.

வித்யாவின் ஹிஸ்டரி ஹோம்வொர்க்குக்குப் பூஜ்யம். நியாயமாக அது எனக்கு வந்திருக்க வேண்டியது.

அன்றைய பிரிட்டிஷ் அரசு இங்கிருந்தவர்களைக் கேட்காமலே போட்ட வரியை எதிர்த்து, துறைமுகத்தில் கப்பல் தேயிலையைக் கடலில் கொட்டியவர்கள் செய்தது சரியா என்பது கேள்வி. அவள் தானாக ஏதோ எழுதியிருந்தாள். நான் அதைக் குறுக்கே அடித்துவிட்டு, பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைக் கமா பிசகாமல் எழுதவைத்தேன். நான் படித்த பள்ளியில் அப்படி எழுதினால்தான் முழு மார்க். இங்கே அதற்குப் பெயர் காப்பி. ஆண்டுத் தொடக்கத்தில் வந்த வகுப்பு விதிகளின் நகலையும் டீச்சர் இணைத்திருக்கிறார்: விடை சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும். கீழே என் கையெழுத்து. படிக்காமலே போட்டிருக்கிறேன்.

"ஐ டோல்ட் யூ, அப்பா."

"நான் வந்து டீச்சர்கிட்ட பேசறேன்மா."

"நோ, ப்ளீஸ். நானே ரீரைட் பண்ணிக்கறேன்."

அவள் தூங்கிய பிறகு நோட்டைப் பிரித்தேன். என் கோட்டுக்கு அடியில் அவள் ஆங்கிலம் இன்னும் தெரிகிறது. எங்களைக் கேட்காமலே எங்களுக்காக முடிவெடுத்தால் கோபம் வராதா என்று எழுதியிருக்கிறாள்.

நல்ல விடை. இன்றுதான் படிக்கிறேன். அன்று படிக்காமலே அடித்திருக்கிறேன்.