பொறி திரும்பாத வட்டம்

பிப்ரவரி 4, 2012

வெளியே மைனஸ் இருபது. வீட்டுக்குள் நான் 1912-ஐ எழுதி முடித்துவிட்டேன். எங்கள் ஓல்ஷ்னிட்சா ஊரின் சாரணர் படைக்கு வரும் மே மாதம் நூறு வயது. வரலாற்றை யார் எழுதுவது என்று நூலகத்தில் கூட்டம் போட்டார்களாம். கூட்டம் எதற்கு? முப்பது வருடம் பெண்கள் படைக்குத் தலைவியாக இருந்தவள் இந்த ஹொனோராதா ஒருத்திதான்.

படையின் முதல் புகைப்படம் கிடைத்திருக்கிறது. ஒன்பது பெண்கள், கையில் சாரணர் தடிக்குப் பதில் துடைப்பக் கட்டை. ஆனாலும் மிடுக்குக்குக் குறைவில்லை.

பிப்ரவரி 11

1950. கம்யூனிஸ்ட் அரசாங்கம் ஆறு வருடத்துக்குப் படையைக் கலைத்தது. எங்கள் சிலுவைச் சின்னத்தைப் பிடுங்கிக்கொண்டு கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டது. என் அக்கா அந்தத் துணியால் ஜன்னல் துடைத்து அம்மாவிடம் அறை வாங்கினாள். அதையும் சேர்த்துவிட்டேன்.

பிப்ரவரி 19

1990. இதற்கு அரைப் பக்கம் போதும்.

கம்யூனிஸ்ட் ஆட்சி போய் நாட்டில் எல்லாம் மாறிய சமயம். புதிதாக இன்னொரு சாரணர் சங்கம் முளைத்தது. என் உதவித் தலைவி போகுமீவா பாதிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அதில் போய்ச் சேர்ந்தாள். இன்றுவரை ஊரில் இரண்டு படை.

பிரியும் முன் கடைசி முறையாக நெருப்பைச் சுற்றி நின்று, வழக்கம்போல் கை கோத்தோம். தீப்பொறி போல் கைக்குக் கை கடத்தும் அழுத்தத்துக்கு எங்களிடம் 'பொறி' என்று பெயர்; அதை விடுவது தலைவி. வலப்பக்கம் நிற்பவளின் கையை நான் அழுத்த, அவள் அடுத்தவளின் கையை அழுத்த, அது வட்டம் முழுக்கச் சுற்றி இடப்பக்கமாக என்னிடம் திரும்ப வேண்டும். என் இடப்பக்கம் போகுமீவா. பொறி வரவே இல்லை.

"பொறியைத் தடுத்து நிறுத்தியவர் போகுமீவா" என்று எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லி வருவதுதான்.

மார்ச் 2

நூலகத்தில் கைப்பிரதியைப் படித்துவிட்டார்கள். அந்த வாக்கியம் அச்சில் வந்தால் தன் படை நூற்றாண்டு விழாவுக்கு வராது என்று போகுமீவா சொல்லி அனுப்பியிருக்கிறாள். வர வேண்டாம். பாதி ஊரோடு விழா நடக்கட்டும். நடந்ததை நடக்கவில்லை என்று நான் எழுத மாட்டேன்.

மார்ச் 6

நூலகர் மறுபடி போன். மறுபடி மாட்டேன் என்றேன்.

மார்ச் 15

ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடை யாகோதாவும் கைப்பிரதியைப் படித்திருக்கிறாள். அன்று அவளுக்குப் பதின்மூன்று வயது. வட்டத்தில் என் வலப்பக்கம் நின்றவள். மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"டீச்சர், அன்னைக்கு நீங்க என் கையை அழுத்தவே இல்ல."

அப்போது நீ சின்னப் பெண், மறந்திருப்பாய் என்றேன்.

"மறக்கல. 'பொறியை விடுறேன்'னு சத்தமா சொன்னீங்க. ஆனா கை அசையல. நீங்க போகுமீவா அக்காவையே முறைச்சுட்டு இருந்தீங்க. நான் காத்துக்கிட்டே நின்னேன்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வட்டத்துல யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கொடுத்தது யாரு?"

மாத்திரையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 16

இல்லை. அழுத்தினேன்.

மார்ச் 18

அழுத்தினேனா?

சொன்னது நினைவிருக்கிறது. போகுமீவாவின் முகம் நினைவிருக்கிறது. போடி, போய்த் தொலை, இத்தோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே நின்னேன் — இந்தப் பக்கம் ஒரு சின்னக் கை இருந்ததே ஞாபகம் இல்ல. கடவுளே. நான் விடவே இல்ல. விடாத பொறி எப்படித் திரும்பி வரும்?

வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 24

போகுமீவா வீட்டுக்குப் போனேன். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கழற்றினால் தைரியம் போய்விடும். நன்றாகத் திட்டுவாள் என்று தயாராக நின்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ எங்கிட்ட அது வரவே இல்லையா?" என்று கேட்டாள். "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு நெனச்சேன் அக்கா. அழுதுட்டே நின்னேன்ல... பக்கத்துப் பொண்ணு அழுத்தினது எனக்குத் தெரியாம போயிருக்கும்னு. அதனாலதான் ஊர்ல நீங்க என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசல. அச்சுல மட்டும் வேணாம்னு கேட்டேன்."

இருபத்திரண்டு வருடம் செய்யாத தப்பைச் சுமந்திருக்கிறாள். அதைச் சுமத்தியவள் நான். அங்கேயே அழுதேன். அவள் எழுந்து போய் முட்டைக்கோஸ் சூப்பைச் சூடாக்கினாள்.

ஏப்ரல் 29

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. 1990-க்கு அரைப் பக்கம் போதவில்லை. போகுமீவாவும் நானும் சேர்ந்து பதினொரு பக்கம் எழுதினோம். ஐந்து இடத்தில் சண்டை. நான்கில் நான் ஜெயித்தேன்.

"அன்று பொறியை விடாதவர் தலைவி ஹொனோராதா" என்ற வரியை, 'வேணாம் அக்கா' என்று அவள் மூன்று முறை அடித்தாள். மூன்று முறையும் நான் திரும்ப எழுதினேன்.