கடைசிச் சுற்றின் கைகுலுக்கல்

தூத்துக்குடி,
12.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சென்னை வெயிலில் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. போனில் நீங்கள் சிரித்தே என்னைச் சமாளித்துவிடுவீர்கள். பதில் இருந்தால் எழுதுங்கள். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏளா, புருசன்கிட்டப் பேசுததுக்கு நடுவுல தபால்காரன் எதுக்கு?" என்கிறார்.

புவனேஸ்வர் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் நம் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். நான் ஜெயித்திருந்தால் எனக்கு மாஸ்டர் பட்டம் வந்திருக்கும். டிரா என்றால் உங்களுக்கு இரண்டாம் பரிசில் பங்கு. முந்தின நாள் லாட்ஜில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "வாடகை பாக்கி நிக்கி ஜெனி. ஒம்பது மூவ்ல டிரான்னு கையக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருவோம்." நானும் கையைக் கொடுத்தேன். தப்பில் என் பங்கை உங்கள் தலையில் போடவில்லை.

ஆனால் அன்றிலிருந்து எனக்கென்று பலகையை விரிக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை போட்டிகளில் மோதியிருக்கிறோம். எல்லாம் டிரா. ஒன்றைக்கூட ஆடி முடித்ததில்லை. என்னை உட்கார்ந்து ஆடத் தகுந்தவள் என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. தோற்றிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். இதற்கு அழவும் வரவில்லை.

பிள்ளைகளுக்குச் செஸ் வகுப்பு எடுக்கிறேன். பொழுது போகிறது. நீங்கள் ஹோட்டல் பரோட்டாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜெனி

சென்னை,
20.6.2024

அன்பு ஜெனிக்கு,

உன் கடிதத்தைக் கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துகொண்டே பிரித்தேன். படித்த பிறகு அதுவே தேவலை என்று தோன்றியது.

கடைசிச் சுற்றில் மேல் மேசைகளில் யார் ஆடுகிறார்கள், சொல். அரை மணி நேரத்தில் நாலு மேசை காலி. நடுவர்களும் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுகிறார்கள். ஆடித் தோற்றால் ரயில் செலவுக்குக்கூடத் தேறாது. ஒருத்தர் பட்டினி கிடப்பதற்கு இரண்டு பேரும் பாதிப் பாதி சாப்பிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். பட்டம் எங்கே போகிறது? அடுத்த வருடம் வாங்கிவிடலாம்.

போன வாரம் நாக்பூரில் எட்டே மூவில் கை கொடுத்துவிட்டு வந்தேன். பரிசு வந்தது. கவரைப் பிரிக்கக்கூட மனசில்லாமல் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். தனியாகக் குடிக்கிற டீ வாயில் வைக்க விளங்கவில்லை. வந்துவிடு ஜெனி.

உன்
கிருபாநிதி

தூத்துக்குடி,
3.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

பட்டம் எங்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. இப்போது எதிரே வந்து உட்காருகிறவர்களுக்குப் பால் பல் விழுந்து முளைக்கவில்லை. அவர்களின் அம்மாக்கள் டிபன் பாக்ஸோடு வெளியே நிற்கிறார்கள். எனக்கு வர வேண்டியது வந்து, திரும்பியும் போய்விட்டது. அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

விட முடியாதது ஒன்றுதான். செப்டம்பரில் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் ஓபன் போட்டி நடக்கிறது. முப்பது மூவுக்கு முன்னால் டிரா கேட்கக்கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுங்கள். நம்மை எதிரெதிரே போட்டால், ஆடுங்கள். கேட்பது அவ்வளவுதான். நீங்கள் ஜெயித்தாலும் சரி, நான் ஜெயித்தாலும் சரி, ஆடி ஆடி டிராவே ஆனாலும் சரி, அன்று ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் உங்களோடு சென்னைக்கு வந்துவிடுகிறேன். பழையதை வாயெடுத்தும் பேச மாட்டேன்.

உங்கள்
ஜெனி

சென்னை,
12.8.2024

அன்பு ஜெனிக்கு,

பெயர் கொடுத்துவிட்டேன். ஆடுகிறேன். சத்தியம் பண்ணலாம் என்றால் வேதப்புத்தகம் உன் பையோடு அங்கே வந்துவிட்டது. என் வார்த்தையை வைத்துக்கொள்.

ராத்திரி வண்டிக்கு இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். உனக்குக் கீழ்ப் படுக்கை. மாமாவிடம் சொல்லி மக்ரூன் வாங்கி வை.

உன்
கிருபாநிதி

சென்னை,
25.9.2024

என் ஜெனிக்கு,

வண்டி நகரும்வரை பிளாட்பாரத்திலேயே நின்றேன். உன் அப்பாதான் வந்தார். "அவ வரல மாப்ள. மண்டபத்துல இருந்து வந்ததும் கதவச் சாத்திக்கிட்டா" என்று சொல்லி, மக்ரூன் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்ப் படுக்கை விடிய விடியக் காலியாகவே வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசிச் சுற்றில் நம்மைத்தானே போட்டார்கள். நான் டிரா கேட்டேனா? நாற்பது மூவ் தாண்டி ஆடினோம். ஜெயித்தவள் நீ. டிராவாகி அரைப் புள்ளி எடுத்திருந்தால் எனக்கும் பரிசு உண்டு. அதைக்கூட நான் நினைக்கவில்லை. ராணியை உள்ளே இறக்கியிருக்கலாமே என்று வெளியே யாரோ கேட்டார்கள். அப்போது எனக்குத் தோன்றவில்லை, விடு. புவனேஸ்வரில் உன்னிடமிருந்து எடுத்ததை உன் ஊரிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். கை கொடுத்தபோது உன் கை சில்லிட்டிருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் எழுது.

உன்
கிருபாநிதி

தூத்துக்குடி,
1.10.2024

அத்தானுக்கு,

குதிரையால் உங்கள் பிஷப்பை வெட்டியது என் அவசரம். வெட்டிய பிறகுதான் பார்த்தேன், என் ராஜாவுக்குப் பக்கத்தில் வழி திறந்து கிடந்தது. ராணியை உள்ளே இறக்கி, இரண்டு கட்டங்களில் மாறி மாறிச் செக் வைத்துக்கொண்டே இருந்தால் நான் தப்பிக்க முடியாது. அதே நிலை திரும்பத் திரும்ப வந்து ஆட்டம் டிரா. என்னிடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கே அது தெரியும்.

அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் தப்பு செய்துவிட்டேன், இவர் பிடிக்கப் போகிறார், நாம் நிஜமாகவே ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். நமக்குள் முதல்முதலாக ஆடிப் பெற்ற டிரா வரப்போகிறது என்று உங்கள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு யானையை எடுத்து எங்கேயோ வைத்தீர்கள்.

பரிசை விட்டுக்கொடுத்தீர்கள் என்று தெரியும். என் மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தீர்கள் என்றும் தெரியும். அதனால்தான் உங்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று எனக்கு வழி தெரியவில்லை. அன்று பணத்துக்காக என்னோடு ஆடவில்லை. இன்று எனக்காகவே என்னோடு ஆடவில்லை. நான் எதிரே உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட வராது அத்தான். அப்படி ஒருவரோடு ஒரு வீட்டில் இருக்க எனக்குத் தெம்பில்லை. அந்த டிராவை நீங்கள் எடுத்திருந்தால் வந்திருப்பேன்.

பெண்களில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்த கோப்பையை அப்பா டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிறவர்கள் அதைப் பார்த்து என்னைப் பாராட்டுவதைத் தாங்க முடியாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். வகுப்பையும் நிறுத்திவிட்டேன்.

அன்று காலையிலேயே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தேன். அப்பா அதைத் தொடவே இல்லை. சுற்றிக்கொண்டுதான் போய் வந்தார். நேற்று நானே பிரித்துத் துணிகளைப் பீரோவில் அடுக்கினேன். அடியில் உங்கள் நீலச் சட்டை ஒன்று இருந்தது. துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் தபாலில் வரும்.

ஜெனிலா