போட்டோவைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பிக்கு இரண்டாம் தாரமாகப் பார்த்து நீங்கள் அனுப்பிய பெண்ணின் போட்டோ வந்து சேர்ந்தது. எனக்குக் கோபமில்லை. போன முறை எல்லோர் முன்னாலும் என்னைச் சொன்னீர்களே ஒரு வார்த்தை, அதையும் இங்கே எழுதப் போவதில்லை.

குழந்தை இல்லையென்று ஆறு வருஷமாக என்னையே சோதித்த டாக்டர்களுக்கு நடுவில், போன வருஷம் ஒரு டாக்டரம்மா உங்கள் தம்பி பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ரோஜாத் தோட்டத்துல பூச்சிமருந்து அடிக்கிறேன்."

"தெளிக்கிற முனை அடைச்சுக்கிட்டா?"

"வாயால ஊதிடுவேன் டாக்டர்," என்றார் பெருமையாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பரிசோதனையில் என்னிடம் ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் உயிரணுக்கள் ரொம்பக் குறைவு. "மருந்தும் காரணமா இருக்கலாம். முதல்ல அத விடுங்க."

விட்டார். இப்போது கொட்டகையில் பூக்களைப் பெட்டியில் அடுக்குகிறார். கூட இருக்கும் பெண்கள் 'புது மாப்பிள்ளை' என்று கேலி செய்கிறார்கள்; மனுஷன் அசையவில்லை.

நேற்று ஸ்கேன் அறையில் ஒரு குட்டி இதயம் குதிரை ஓடுகிற மாதிரி துடித்தது. "இன்னொரு தடவ வைங்கம்மா," என்று, பிடித்த பாட்டைக் கேட்கிறவர் போலக் கெஞ்சினார் உங்கள் தம்பி. அத்தை ஆகப் போகிறீர்கள். சீக்கிரம் கிளம்பி வாருங்கள்.

போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். பெண் லட்சணமாக இருக்கிறாள், நல்ல இடமாகப் பாருங்கள். மாப்பிள்ளை மருந்தடிக்கிறவன் என்றால், முனையை வாயால் ஊதுவானா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் ஒரே மனைவி